நான்கு சுற்றுக் காலியிடம்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கும் நான்கு பல்லும் இன்றே உதிரட்டும்.

பகலில் லிஃப்ட் பழுதுபார்த்து, மாலையில் சாக்ஸஃபோன் ஊதும் சாக்ஸ்காரருக்கும் ட்ரம்ஸ்காரருக்கும் இருபது வருஷச் சிநேகம். இவர் நான்கு தாளச்சுற்று வாசித்து நிறுத்துவார். அவர் நான்கு சுற்று அடித்துப் பதில் சொல்வார். போஸ்ட்-பாப் என்கிற ஜாஸ் இசை வகையில் அப்படியொரு பேச்சுவார்த்தை உண்டு. ஒருநாள் ஒத்திகையில் வாய்த்தகராறு. "நீ இல்லாமலே ரெக்கார்டு போடுவேன்டா" என்றார் சாக்ஸ்காரர். ட்ரம்ஸ்காரர் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனவர்தான், ஊரையே மாற்றிவிட்டார். முகவரி தெரியாது. அவர் உட்கார்ந்த முக்காலியில் சாக்ஸ்காரர் ஒரு சட்டையைக்கூடக் காயப்போட்டதில்லை.

சொன்ன வாய்க்காக ரெக்கார்டும் போட்டார்.

"அண்ணே, நடுவுல நடுவுல சத்தமே இல்லியே. வெட்டிடவா?" என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

"அது அவன் இடம். கை வைக்காத."

"ஆளே இல்லியே."

"இடம் இருக்குல்ல."

நூறு இசைத்தட்டு அச்சானது. தட்டு ஊர் ஊராகப் போனால் எங்காவது அந்தச் சிநேகிதன் காதில் விழாதா என்பதுதான் அவர் ஏக்கம்.

கேட்டவர்கள் கிறங்கிப்போனார்கள், அதிலும் அந்தக் காலியிடங்களில். பதினோரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத புருஷனும் பெண்சாதியும், முதல் இடைவெளியில் "உப்பு எங்க?", அடுத்ததில் "கண்ணெதிர்லதான்", மூன்றாவதில் சண்டை, ஆறாவதில் சமாதானம். பல் டாக்டர் ஒருவர் தன் அறையில் போட, வாயில் பஞ்சோடு படுத்திருந்தவர்கள் சரியாக நான்கு சுற்று முனகி நிறுத்தினார்கள். ஒரு லிஃப்டில் ஒலித்தபோது எட்டாம் மாடிக்காரர் இரண்டு நாள் வெளியே வரவில்லை. சாப்பாடு உள்ளே போனது.

இதையெல்லாம் சாக்ஸ்காரர் மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறையில், எண்ணெய்த் துணியில் கை துடைத்தபடி, தன் அக்காவிடம் போனில் சொல்வார்.

"ஊரு கேட்டது இருக்கட்டும். அவன் கேட்டானா?"

"கேட்டிருப்பான்க்கா."

"பதில் வரலைன்னா நீயே தட்டிக்கோ. கையில ரெண்டு ஸ்பேனர் இருக்குல்ல."

கடைசியில் பதிலும் வந்தது. போன வாரம் போன் அடித்தது. எதிர்முனையில் மேஜைமேல் விரல்கள் நான்கு சுற்றுத் தட்டி ஓய்ந்தன. பிறகு, "என்னடா, என் இடத்தைக் கூட்டிப் பெருக்கி வச்சிருக்க?"

"வேற யாருடா உக்காருவா?" என்றார் சாக்ஸ்காரர். போனைக் காதிலிருந்து எடுக்க மனம் வரவில்லை.

அந்த நூறு தட்டும் அவர் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. ஒன்றின் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. அப்புறம் ஊர் எந்தத் தட்டைக் கேட்டது என்று என்னைக் கேட்காதீர்கள்; என் நான்கு பல்லும் அப்படியே இருக்கின்றன.