முதல் வாய் பானக்காரம்

சங்கரிக்குப் பல்லி பயம், இடி பயம். பால் பொங்கினால்கூட ஓரடி தள்ளித்தான் நிற்பாள். அதையெல்லாம் ஊருக்குச் சொல்லித் தானே சிரிப்பாள். பந்தல்குடி ரோட்டோரக் கொட்டகையில் தொட்டியின் அழுத்தமுள் சிவப்பைத் தொட்ட அந்த மத்தியானம் மட்டும் சிரிப்பு எட்டியே பார்க்கவில்லை.

தொட்டிக்குள் இருந்தது அவள் வளர்த்த ஈஸ்ட். பருத்திமாரை, அதாவது பருத்திச்செடியின் காய்ந்த தண்டுகளை, அவித்து எடுத்த மரச்சர்க்கரையை வண்டி ஓட்டும் எரிசாராயமாக்குவது அதன் வேலை. சாதாரண ஈஸ்ட்டுக்குள் அந்தச் சர்க்கரை நுழைய நல்ல வாசல் கிடையாது; வேறொரு பூஞ்சையின் மரபணுவைக் கொண்டு சங்கரிதான் வாசல் வைத்துக் கொடுத்தாள். ஆனாலும் கிழட்டு மாடு அசைபோடுகிற மாதிரிதான் தின்னும். இப்படி நுரைதள்ளாது.

நுரை ஏறிக் காற்றுக்குழாய் அடைத்துக்கொண்டது. மூடியில் ஒரு கொக்கி தெறித்துவிட்டது. ஏணியில் நின்றபடி மூடிமேல் குப்புறக் கவிழ்ந்து அழுத்திக்கொண்டிருந்தார் ஆப்பரேட்டர் சோலைச்சாமி.

"இறங்குங்கண்ணே!"

"நான் எந்திரிச்சா மூடி பறந்து உங்க மண்டையிலதான் விழும் தாயி. நீங்க ஓடுங்க!"

"என்னத்த ஊத்துனீக உள்ள?"

"பானக்காரம். பரளச்சி அம்மனுக்குப் படைச்சது."

"எம்புட்டு?"

"ரெண்டு குடம். உள்ள உசுரு இருக்குன்னு நீங்கதான சொன்னீக? அதுக்கு மொத வாய் குடுக்காம நாம எப்படிக் குடிக்க?"

பானக்காரமென்றால் வெல்லக் கரைசல்! வெல்லம் வந்தால் வாசலில் அதுதான் முண்டியடித்து நுழையும். மரச்சர்க்கரை அழைக்காத விருந்தாளியாக வெளியே நிற்கும். ஈஸ்ட் வெறிபிடித்துத் தின்கிறது.

மூடி விசிலடித்தது. சோலைச்சாமியின் உடம்பு ஒரு விரற்கடை மேலே தூக்கி விழுந்தது.

அடிவால்வைத் திறந்தால் ஈஸ்ட் எல்லாம் கிருமிக்கொல்லி மருந்துத் தொட்டியில் விழுந்து செத்துவிடும்; மரபணு மாற்றிய உயிர் மண்ணுக்குப் போய்விடக் கூடாதென்று அவளே செய்த ஏற்பாடு. மாதக்கணக்கில் பிள்ளை மாதிரி வளர்த்தது. அதோடு வால்வு இருப்பதும் தொட்டிக்கு நேர் கீழே. ஓடச் சொன்னது கால். ஊர்ந்து உள்ளே போனாள். கைப்பிடி அசையவில்லை. அழுதுகொண்டே செருப்புக்காலால் உதைத்தாள், குலசாமியைத் திட்டிக்கொண்டே உதைத்தாள். மடக்கென்று திரும்பியது.

குபுகுபுவென்று சத்தம். முள் மெல்ல இறங்கியது.

சோலைச்சாமி நுரையில் குளித்தவராக இறங்கி வந்தார். "அதுக அம்புட்டும் போச்சா தாயி?"

ஏசத்தான் வாயைத் திறந்தாள். ஏச வராமல் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கை வலிக்குதும்மா. விடுங்க."

"சித்த நேரம் இருங்கண்ணே," என்றாள், விடாமல்.