பேட்டரிக்கு வைத்த பொட்டு

சித்தூரில் ஷோபா ஏழு வாரமாகப் படுக்கையை விட்டு எழவில்லை. வயிற்றில் இருப்பது தங்க வேண்டுமானால் அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அலிபிரியிலிருந்து திருமலை வரை ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பதாக அவள் வேண்டிக்கொண்டது அதற்கு முன்பே. இப்போது அவளுக்காக அம்மா தாட்சாயணி வைத்துக்கொண்டு வந்தாள். அப்பா நாராயணசாமி, கல்யாண வீடுகளில் மகள் படம் பிடிக்கிற கேமராவை ஏந்திப் பின்னால் ஏறினார்.

"ஒரு படிகூட விடக் கூடாது நைனா. நானே ஏறின மாதிரி இருக்கணும்" என்று ஷோபா கேட்டிருந்தாள்.

சின்னத் திரையில் மனைவியின் கை மட்டும் தெரிந்தது. மஞ்சள், குங்குமம், அடுத்த படி. மஞ்சள், குங்குமம், அடுத்த படி. வெகுநேரம் அதையே பார்த்ததில், தாம் ஏறவில்லை, படிகள்தான் ஒவ்வொன்றாக இறங்கி வந்து பொட்டு வைத்துக்கொண்டு போகின்றன என்று நாராயணசாமிக்குத் தோன்றியது.

திரையின் மூலையில் பேட்டரிக் குறி சிவந்து மினுக்கியது.

"நில்லு தாட்சா."

மகள் சொன்னபடியே செய்தார். பதிவை நிறுத்தி, கேமராவை அணைத்து, சிவப்பு விளக்கு ஓயும்வரை காத்திருந்தார். அதற்குமுன் பேட்டரியைப் பிடுங்கினால் எடுத்த படமும் போய்விடும். கழற்றியது, அப்போதுதான் இட்ட முட்டைபோல வெதுவெதுப்பாக இருந்தது. அதை உறையில் போட்டுவிட்டு மாற்று பேட்டரியைப் பொருத்திக் கேமராவைப் போட்டார். திரை இருட்டாகவே இருந்தது.

எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பொன்னிறத் தகடுகளின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"இது யாரு வேலை?"

"நான்தான். காலைல கேமராவுக்கு வச்சேன். இது மட்டும் மூளியா கெடந்துச்சு."

"வச்சதுதான் வச்ச, பின்பக்கம் வச்சிருக்கக் கூடாதா?"

"எது முன்பக்கம்னு அதுல எழுதிக்கீதா? தேங்கா ஒடைக்கிற கத்தி இருக்குது, சுரண்டுங்க."

"இரும்பு ஆகாது. தகடு ரெண்டையும் சேத்து பட்டுட்டா பத்திக்கும்னு உன் பொண்ணு சொல்லிக்கீறா. தண்ணியும் ஆகாது."

"நான் அடுத்த படிக்குப் போய்க்கினு இருக்கட்டுமா?"

"போய்ட்டா அந்தப் படிய அவ எங்க பாப்பா?"

தாட்சாயணி உட்கார்ந்துவிட்டாள். அவர் குனிந்து, அடுத்த படியில் முழங்கையை ஊன்றி, துண்டின் காய்ந்த நுனியால் தகட்டைத் துடைக்கத் தொடங்கியதும் அவள் முகம் வாடியது.

"இன்னிக்குன்னு பாத்து பொட்ட அழிக்கறீங்களே... கொழந்தைக்காக வந்துகினு..."

துடைத்தார், ஊதினார், மறுபடி துடைத்தார். மனிதர்கள் கோவிந்தா சொல்லிக்கொண்டு ஏறிப் போனார்கள். மரக்கிளை அசைந்தபோது கல்லில் நிழல் அசைந்தது.

"போச்சா?" என்றாள் கடைசியில்.

"எங்க போச்சு? கீழ பாரு."

உதிர்ந்த குங்குமம் அவர்கள் அடுத்து வைக்கவேண்டிய படியில்தான் கிடந்தது. அவள் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு காய்ந்துபோன மஞ்சளில் தண்ணீர் தெளித்துக் குழைத்தாள்.

பேட்டரி 'டக்'கென்று உட்கார்ந்தது. திரை வெளுத்து, மெல்ல நிறம் கூடி, அவள் கை வந்தது.

ஷோபா படத்தைப் பார்க்கும்போது இடையில் ஒரு படியும் விட்டுப்போயிருக்காது. பதிவு நின்ற இடத்தில் வெயில் மட்டும் சட்டென்று ஒரு படி மேலே ஏறியிருக்கும்.