தேசிக்காய்ச் சின்னத்தில் ஒரு மனேஜர்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

தலைவர் அகஸ்ரின். எல்லா ஆட்டத்துக்கும் நடுவர். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பார்த்தவர் இல்லை.

காரியதரிசி தில்லையம்பலம். சியாகுல்லித் தோட்டத்தில் மண்டரீன் தோடம்பழம் பறிப்பவர், சியாகுல்லி அணியின் மனேஜர். எட்டு ஆட்டத்தில் எட்டும் தோற்றதால் விருதுக்கு நிற்கும் தொல்லை இல்லாமல் வாக்காளராகிவிட்டார். ஒரு பெட்டி பழத்தோடு வந்தார்.

ஸ்கோர் எழுதும் றோசமலர். கொப்பியோடு.

கபோப் பகுதி அணி மனேஜர் ஏர்னஸ்ற். போட்டியாளர். சீப்போடு.

அல்பெர்கேரியா அணி மனேஜர் கத்தரீனா. போட்டியாளர். இருப்புக்கொள்ளாமல்.

வராதவர்கள்: மற்ற எல்லாரும். கிழமையில் லீவாகக் கிடைக்கிற ஒரேயொரு வியாழக்கிழமைப் பின்னேரத்தைக் கூட்டத்தில் கொண்டுபோய்க் கொட்ட யாருக்கு விசர்?

மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த அறையில் மேசையின் நடுவே கோப்பை நின்றது. பிளாஸ்ரிக் அடிப்பாகம், தகரக் காது. 'ஆண்டின் சிறந்த மனேஜர்' என்று இத்தாலிய மொழியில் பொறித்து, பெயருக்கு இடம் விட்டிருந்தார்கள். இது அகஸ்ரினின் யோசனை. அமெரிக்காவில் பேஸ்போலுக்கு இப்படி ஒரு விருது இருக்கிறதென்று பத்திரிகையில் பார்த்துவிட்டார். பூங்காவில் இவர்கள் ஊர் விளையாட்டான எல்லே அடிப்பதைப் பார்க்கிற இத்தாலியரும் அதைப் பேஸ்போல் என்றுதான் சொன்னார்கள். தடியால் பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவதற்கு அவர்களுக்குத் தெரிந்த பெயர் அதுதான்.

கத்தரீனாவுக்கு அமெரிக்கா எக்கேடு கெட்டாலும் கவலையில்லை. கோப்பை வேண்டும். அவள் தங்கி வேலைசெய்யும் வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, போன கிழமை சொல்லிவிட்டாள்: நாற்பத்தொரு வயதுப் பெண் வியாழக்கிழமை தோறும் தடி சுழற்றப் போகிறாள் என்பதை நம்பத் தான் முட்டாள் இல்லை, இதில் ஓர் ஆண் இருக்கிறான், ஆதாரம் காட்டு, இல்லாவிட்டால் இனி வியாழக்கிழமை கிடையாது. பாதிரியாரிடம் கடிதம் வாங்கி வரவா என்று கத்தரீனா கேட்டாள். உன்னை நம்பினாலும் பாதிரிமாரை நம்பமாட்டேன் என்றாள் சிஞ்ஞோரா.

"வாக்கெடுப்பெண்டால் சின்னம் வேணும்," என்றார் அகஸ்ரின். "ஊரிலை சின்னம் இல்லாமல் ஒரு எலெக்சன் நடந்ததோ?"

ஏர்னஸ்ற் மண்டரீனை எடுத்துக்கொண்டான். கத்தரீனாவுக்குச் சமையல் தட்டில் கிடந்த புளித் தேசிக்காய்தான் மிஞ்சியது. வாக்காளர் மூன்று பேருக்கும் ஆளுக்கொரு மண்டரீன், ஆளுக்கொரு தேசிக்காய். விரும்பியதை மூடிபோட்ட பானைக்குள் போடவேண்டும். மிச்சப் பெட்டி தின்பதற்கு.

"கதைக்க என்ன கிடக்கு?" ஏர்னஸ்ற் எழும்பி நின்றான். "எட்டு ஆட்டம், ஏழு வெற்றி. மனேஜர் எண்டவன் வெல்லவேணும். அக்கா அஞ்சுதான். கணக்குத் தெரிஞ்சவன் கைதூக்கு."

"விசர்க்கதை கதையாதை தம்பி," என்றாள் கத்தரீனா. "உன்னட்டை மீன் சந்தையிலை பெட்டி தூக்கிற பெடியள் எட்டுப் பேர். என்னட்டை ஆர்? முழங்கால் வாதக்காரர் மூண்டு, பிள்ளைத்தாய்ச்சி ஒண்டு."

"பிள்ளைத்தாய்ச்சி உங்கடை ஆக்களிலை நல்லா ஓடினவ," என்றார் தில்லையம்பலம், தோலை உரித்தபடி.

"அமெரிக்காவிலை," என்று அகஸ்ரின் விரலை உயர்த்தினார், "கூட வெண்டவனுக்கே குடுக்கோணும் எண்டில்லை. குறைஞ்ச ஆக்களை வைச்சுக் கூடச் செய்தவனுக்கும் குடுப்பினம்."

"அப்ப தில்லை அண்ணைக்குக் குடுங்கோ! குறைஞ்ச ஆக்களை வைச்சு எட்டுத்தரம் தோத்தவர்!" என்றான் ஏர்னஸ்ற்.

"தோக்கிறதுக்கும் ஆள் சேர்க்கவேணுமடா!" தில்லையம்பலத்தின் வாயிலிருந்து விதை பறந்தது. றோசமலர் மேசையில் அடித்துச் சிரித்தாள். அகஸ்ரின் விசில் ஊதினார். சிறிய அறை, காது அடைத்தது. அதற்காக யாரும் நிறுத்தவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் பந்து மரத்தில் தங்கியது யார் பிழை, கூட்டுமாறுப் பிடியைத் தடியென்று ஏற்கலாமா, ஏர்னஸ்ற் ஆட்டத்துக்கு நடுவில் தலைவாரியது தந்திரமா திமிரா என்று போனது பேச்சு. கைகள் பெட்டிக்கும் வாய்க்கும் நடந்தன. பெட்டி ஒட்டக் காலியானதை ஒருவரும் கவனிக்கவில்லை. பேச்சு காலியாகவில்லை, கைகளும் நிற்கவில்லை.

ஒருவழியாக வாக்கெடுப்பு நடந்தது. அகஸ்ரின் பானையைத் திறந்தார்.

மூன்று தேசிக்காய்.

கத்தரீனா சிலுவை போட்டுக்கொண்டாள். ஏர்னஸ்ற் பானைக்குள் தலையை விட்டுப் பார்த்தான். "ஒண்டுகூட இல்லையோ? தில்லை அண்ணை, நேற்று என்ன சொன்னனீங்கள்?"

"தம்பி, உனக்குத்தான் போட இருந்தனான்." தில்லையம்பலம் நாணிக் கோணினார். "மேசையைத் தடவிப் பாக்கிறன், என்ரை மண்டரீனைக் காணேல்லை. தேசிக்காய்தான் கிடந்தது."

அவர் முன்னால் தோல் மலைபோல் கிடந்தது. றோசமலரின் முன்னாலும் கிடந்தது. தலைவரின் முன்னால் மட்டும் ஒரு தோலும் இல்லை.

"நான் தின்னேல்லை," என்றார் அகஸ்ரின். "என்ரை பழத்தை எடுத்துத் திண்டவன் இவன் ஏர்னஸ்ற். மரத்திலை தங்கின பந்தைப் பற்றிக் கத்தேக்கை திண்டவன். நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

"அப்ப ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"நடுவர் இடையிலை தலையிடக் கூடாது."

ஏர்னஸ்ற் தன் வாக்கைத் தானே தின்றுவிட்டான். அறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆனால் அவன் விடவில்லை. இது செல்லாது, கைதூக்கித் திரும்ப எடுக்கவேண்டும் என்று நின்றான். அகஸ்ரினும் தாடையைச் சொறிந்தார். கத்தரீனா கணக்குப் போட்டாள். கைதூக்கினால் தில்லையம்பலம் அவனுக்கு. றோசமலரும் அவனுக்குத்தான், அவள் கபோவில் குடியிருப்பவள். அகஸ்ரின் தனக்குத் தூக்கினாலும் இரண்டுக்கு ஒன்று. வியாழக்கிழமை போயே போச்சு.

"பொறுங்கோ," என்றாள் றோசமலர். கொப்பியைப் புரட்டினாள். யார் எத்தனை மணிக்கு வந்தார், ஏன் பிந்தினார் என்பதையும் எழுதுவது அவள் பழக்கம். "வாசிக்கிறன். கடைசி ஆட்டம், கபோ அணி. சுரேஸ், இருவது நிமிசம் பிந்தினது. முதலாளி விடேல்லை, கத்தரீனா அக்கா ரெலிபோன் அடிச்சு எடுத்துவிட்டவ. கிரிசாந், அதே. ஆறாவது ஆட்டம், கபோ அணி, நாலு பேர், அதே. நாலாவது ஆட்டம் சியாகுல்லி, அஞ்சு பேர், அதே."

"ரெலிபோனிலை என்னெண்டு சொன்னனீங்கள்?" என்றார் தில்லையம்பலம்.

"பங்கு அலுவலகத்திலை இருந்து சிஸ்ரர் கதைக்கிறன் எண்டு," என்றாள் கத்தரீனா. "ஞானோபதேச வகுப்பெண்டு."

ஏர்னஸ்ற் வாயைப் பிளந்தான். "அக்கா, கடைசி ஆட்டத்திலை உங்களைத் தோற்கடிச்சதே சுரேஸ்தானே! அவனை நீங்களோ எடுத்துவிட்டது?"

"ஆள் இல்லாட்டி ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாட்டி நான் வியாழக்கிழமை எங்கையடா போறது? சிஞ்ஞோராவின்ரை வீட்டிலை கத்தரிக்காய் பொரிக்கவோ?"

ஏர்னஸ்ற் சிரிக்கத் தொடங்கினான். சிரித்துச் சிரித்துக் கதிரையில் விழுந்தான். "கபோவுக்கும் மனேஜர் இவதான் போலை! தூக்குங்கோ கையை. நானும் தூக்கிறன், எனக்கு வோட்டு இல்லாட்டியும் தூக்கிறன்!"

நான்கு கை எழுந்தது. கத்தரீனா தூக்கியது ஐந்தாவது. அகஸ்ரின் மார்க்கர் பேனையால் கோப்பையில் அவள் பெயரை எழுதினார். உரை நிகழ்த்தவும் எழும்பினார். மை காயமுதலே கோப்பை வாசலைத் தாண்டிவிட்டது.

பஸ்ஸில் மடியில் வைத்திருந்தாள். ஓர் இத்தாலியக் கிழவர் வாசித்துப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாக ஏறினாள். மூச்சு வாங்க மணியை அடித்தாள்.

சிஞ்ஞோரா கண்ணாடி போட்டு வாசித்தாள். கழற்றித் துடைத்துத் திரும்ப வாசித்தாள். பெயரை விரலால் தடவினாள். விரலில் கொஞ்சம் மை ஒட்டியது. அவள் மன்னிப்புக் கேட்கிற வகை இல்லை. நாளைக்குச் சீட்டு விளையாட வரும் சிநேகிதிகள் மூன்று பேரின் பெயரை முணுமுணுத்தபடி கோப்பையை உள்ளே கொண்டுபோய், கணவரின் படத்தைத் தள்ளிவிட்டு அலுமாரியின் மேல் வைத்தாள். திரும்பி வந்து சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"ஆறரை. உனக்கு எட்டரை வரை நேரமிருக்கிறது. இன்று வியாழக்கிழமை. இங்கே என்ன வேலை?"

"ஆதாரம் காட்ட வந்தேன், சிஞ்ஞோரா."

"காட்டிவிட்டாய். போ."

சிஞ்ஞோரா அவளைத் தோளில் பிடித்துத் திருப்பி வெளியே தள்ளினாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தியது. பூட்டு நாலு சுற்றும் சுற்றியது.