இன்ஜினுக்குள் போன தண்ணீர்

வெளிமாநில நகரமொன்றில், ஔந்த் பகுதிக் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் தருண் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தான். கையில், இன்ஜினைக் கழுவப் புதிதாக வாங்கிய பிரஷர் பைப். வேடிக்கை பார்க்கப் பக்கத்து பிளாக் அருண்ராஜும் இன்னும் இரண்டு நண்பர்களும் வந்திருந்தார்கள். இப்போதுதான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்த வண்டி. இன்ஜினிலிருந்து அனல் அடித்தது.

டீத் தட்டுடன் வந்த அவன் மனைவி அமலா அதைப் பார்த்ததும் வேகமாக நெருங்கினாள். கல்யாணத்துக்கு முன் கோயம்புத்தூரில், கார்களுக்கு வயரிங் செய்துகொடுக்கும் கம்பெனியில் சோதனைப் பிரிவு இன்ஜினியராக இருந்தவள் அவள். மகள் ரோகிணி பிறந்ததும், "வேலைக்குப் போய்க் கிழிச்சது போதும்" என்று தருண் நிறுத்திவிட்டான்.

"ஏங்க, சூடா இருக்குதுங்க. மொதல்ல ஆறட்டும்" என்றாள். "பேட்டரியோட மைனஸ் வயரக் கழட்டிருங்க. பியூஸ் பாக்ஸு, ஆல்டர்னேட்டர் ரெண்டையும் பாலித்தீன் கவர்ல சுத்திக் கட்டோணும். பிரஷர் பைப் வேண்டாமுங்க. பிரஷ்ஷால தேச்சு ஈரத்துணியில தொடச்சாலே போதும். வேகமா அடிச்சா வயர் சேர்ற கனெக்டருக்குள்ள தண்ணி எறங்கிரும்."

தருண் நண்பர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "கேட்டியா அருண்ராஜ்? மிச்ச சாம்பாருக்கு மூடி போடற மாதிரி இன்ஜினுக்கும் மூடி போடணுமாம்!"

சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். பைப்பைத் திருப்பி அவள் காலில் பீய்ச்சினான். டீத் தட்டு நழுவி விழுந்தது. சல்வார் முழங்கால்வரை நனைந்து ஒட்டிக்கொண்டது. "இன்ஜினியரம்மாவுக்குள்ள தண்ணி போயிடுச்சா பாருங்கடா!" நண்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, சைக்கிளோடு நின்றிருந்த ரோகிணியும் கைதட்டிச் சிரித்தாள். அமலா உடைந்த கோப்பைகளைக் குனிந்து பொறுக்கினாள். அவள் பார்க்கவேண்டும் என்றே அவன் பியூஸ் பாக்ஸின் மேல் நேராகத் தண்ணீரை அடித்தான்.

வண்டி அன்று கிளம்பியது. லேசாக ஓர் உதறல், அவ்வளவுதான். தருணுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் முழுக்க, சாப்பிட உட்காரும்போதெல்லாம், "என்ன அமலா, தட்டுக்குக் கவர் போட்டியா?" என்று கேட்டான். டாஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிவதை அவள் சொன்னபோது, "உன் வாய் பட்டாலே வண்டி கெட்டுடும்" என்றான்.

அவள் சமையலறைக்குத் திரும்பினாள். மனசெல்லாம் வேறிடத்தில் இருந்தது. பக்கத்துத் தொழிற்பேட்டையான போசரியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். பழைய வேலையேதான். அவனுக்குத் தெரியாமல்தான் விண்ணப்பித்திருந்தாள். அழைப்பு வந்தபிறகுதான் சொன்னாள்.

நேர்காணலன்று காலை ஆட்டோ பிடிக்கக் கிளம்பியவளைத் தருண் தடுத்தான். "ஏறு, நானே விடறேன். நாளைக்கு ஊருக்குப் போன் போட்டு, புருஷன் உதவலேன்னு ஒப்பாரி வெப்பே." பள்ளி விடுமுறை, ரோகிணியும் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

போசரிக்குப் போகும் வழியில், லாரிகள் நெருக்கியடிக்கும் சாலையின் நடுவே, இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. சாவியைத் திருப்பத் திருப்ப உறுமியதே தவிர உயிர் வரவில்லை.

"நான் ஆட்டோல போயிர்றனுங்க. நேரமாச்சு" என்று அமலா கதவைத் திறந்தாள்.

"நடுரோட்டுல என்னையும் கொழந்தையையும் விட்டுட்டா? எறங்கித் தள்ளு."

"இந்த வண்டி நெரிசல்லயா? யாரையாவது கூப்பிடலாமுங்க..."

"தள்ளுன்னா தள்ளு!"

ஹாரன்கள் காதைக் கிழித்தன. நேர்காணலுக்கென்று கஞ்சி போட்டு உடுத்திய பருத்திப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு அமலா தள்ளினாள். பைக்கில் போனவன் ஒருவன் விசிலடித்தான். தருண் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "இன்னும் பலமா!" என்று ஜன்னல் வழியே கத்தினான். கார் ஓரத்துக்கு வருவதற்குள் புடவைக் கரை கிழிந்து, செருப்பு வார் அறுந்துவிட்டது. கம்பெனிக்குப் போன் செய்தாள். தேர்வுக்குழு எழுந்துவிட்டது, இனி பார்க்க முடியாது என்று ஒரு பெண் மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

"எப்படியும் கெடச்சிருக்காது. விடு" என்றான் தருண். குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அமலாவுக்கு அது கேட்டது.

வண்டியை இழுத்துப்போன பட்டறையில் மேற்பார்வையாளர் கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். பித்தளை முனைகள் பச்சை பூத்துக் கிடந்தன. ஸ்பார்க் பிளக் குழியில் தண்ணீர் இன்னும் தேங்கியிருந்தது. "யாரு இதுல பிரஷர் தண்ணி அடிச்சது?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"என் வீட்டுக்காரிதான். சொல்லச் சொல்லக் கேக்கல" என்றான் தருண், கண் இமைக்காமல். அமலா திகைத்து நிமிர்வதற்குள் மகளின் தோளைத் தட்டினான். "நீ பார்த்தேல்ல பாப்பா?"

ரோகிணி அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். தயங்கக்கூட இல்லை. "ஆமா அங்கிள், மம்மிதான்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, அப்பா சிரிப்பதுபோலவே வாய் கோணிச் சிரித்தாள்.

மேற்பார்வையாளர் அமலாவை உட்காரவைத்து, இன்ஜினில் மின்சாரம் எங்கெங்கே ஓடுகிறது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். சுற்றி நின்றவர்கள் இளித்தார்கள். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, தான் அன்று கணவனிடம் சொன்ன அத்தனையையும் வரிசை மாறாமல் ஹிந்தியில் அவரிடம் சொன்னாள். அவர் முகம் மாறியது. தருணை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அமலா மகள் பக்கம் திரும்பினாள். "ஏன் கண்ணு பொய் சொன்னே?"

ரோகிணி அம்மாவின் கிழிந்த புடவைக் கரையைப் பார்த்தாள். "அப்பா... டெய்லி உன்னை அப்படித்தானே பேசறார்? நீயும் ஒண்ணும் சொல்லமாட்டே. அதான்... ஓகேன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

தருண் தரையைப் பார்த்தான். "சரி சரி, இங்க சீன் போடாதே" என்றான். இந்த முறை அந்தக் குரலில் பலமில்லை.

"போடலீங்க. ஒரே ஒரு தடவ கேட்டுக்குங்க" என்றாள் அமலா. "தெரியாம வண்டியக் கெடுத்தது பெரிய தப்பில்ல. தெரிஞ்சவ சொல்றப்ப, பொண்டாட்டிதானேன்னு நாலு பேர் முன்னால சிரிச்சீங்களே, அது தப்பு. கெட்டுப்போனதும் பழியத் தூக்கி என் தலையில போட்டீங்களே, அது பாவம். அத்தனையையும் வாய மூடிட்டுப் பொறுத்துக்கிட்டது என்னோட தப்பு. இன்னையோட அத விட்டுட்டேன். பெத்தவள மதிக்காத வீட்டுல வளர்ற பொண்ணு, நாளைக்கு இன்னொருத்தன் வீட்டுல தன்னையும் மதிச்சுக்க மாட்டாளுங்க. அப்ப அவ மேல ஒருத்தன் தண்ணி அடிச்சுச் சிரிப்பான். அதையும் நீங்க நின்னு பாக்கோணும்."