ஷார்ட் மெஷர் வாழாத வருடம்

ஷார்ட் மெஷர் என்ற பந்தயக் குதிரை ஜூலை முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் பிறந்து, மறுநாள் காலை ஒரு வயதை எட்டியது. காகிதத்தில் மட்டுமல்ல, உடம்பிலும். உலகப் போர் முடிந்த ஏழாம் வருடம், சிட்னியிலிருந்து வெகு தூரத்தில் உள்ள வாரபில்லா என்ற ஊரில், க்ளாரி பாஸ்கோவின் லாயத்தில் இது நடந்தது. அந்த வாரம் கம்பளி விலை இறங்கியிருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

எங்கள் பக்கத்தில் பந்தயக் குதிரைகளுக்குத் தனித்தனிப் பிறந்தநாள் கிடையாது. எந்த மாதம் பிறந்தாலும் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி எல்லாவற்றுக்கும் ஒரு வயது கூடிவிடும். ஆகவே ஆகஸ்ட் முதல் வாரத்தில் பிறக்கும் குட்டிக்கு மதிப்பு அதிகம்; நவம்பரில் பிறந்ததைவிட மூன்று மாதம் கூடுதலாக வளர்ந்து, அதே வயதுக்காரனாக அதனோடு ஓடும். ஜூலைக் கடைசியில் பிறப்பதைப் போன்ற துரதிர்ஷ்டம் வேறில்லை. ஒரே இரவில் ஒரு வயது ஏறிவிடும். பிறகு ஆயுள் முழுக்கத் தன்னைவிட மூத்தவற்றோடு ஓட வேண்டும். குதிரை ஏறக்குறைய பதினொரு மாதம் சுமக்கும் என்பதால், நிதானமானவர்கள் செப்டம்பர் பிறக்காமல் பெட்டையைப் பொலிகுதிரையிடம் கொண்டுபோக மாட்டார்கள். க்ளாரி அவசரக்காரன். அந்த வட்டாரத்தின் முதல் குட்டி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆகஸ்ட் முடியுமுன்பே தன் பெட்டை கோல்ட் சப்பரை லாரியில் ஏற்றிவிட்டான்.

வம்சாவளியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தகப்பன் பார்சன்ஸ் நோட், அயர்லாந்திலிருந்து கப்பலில் வந்தவன். வழியில் ஒரு காது கேட்காமல் போய்விட்டது, மற்றபடி நல்ல ஆள். தாய் கோல்ட் சப்பர், நரண்டேராவில் நான்கு முறை ஜெயித்தவள். தாயின் தாய் விக்கர் கேட், இரண்டு வெள்ளத்தையும் ஒரு தீயையும் தாண்டி இருபத்தாறு வயது வரை இருந்தவள். அதற்கு மேலே போனால், எல்லாப் பந்தயக் குதிரைகளையும் போல, மூன்று அரபுக் குதிரைகளில் போய் நிற்கும். இவற்றில் எதுவும் ஒரே இரவில் வளர்ந்ததாகத் தகவல் இல்லை.

குட்டி விழுந்தபோது பக்கத்தில் இருந்தவர் கால்நடை மருத்துவர் மெர்வ் டல்லி. க்ளாரியோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

"ஒன்னாந்தேதின்னு எழுதிடுடா," என்றார் மெர்வ், கையைக் கழுவிக்கொண்டே. "ஆறு மணி நேரந்தான். எவன் வந்து பாக்கப் போறான்?"

"எழுதலாம்தான்."

"தாயும் வாயத் திறக்க மாட்டா, நானும் திறக்க மாட்டேன். ஒரு பீர் வாங்கிக் குடுத்தா ரெண்டு பேருக்குமே போதும்."

விடிந்தபின் க்ளாரி போய்ப் பார்த்தபோது லாயத்தில் தாயின் தோள் உயரத்துக்கு ஒரு குதிரை நின்றது. பிடரி அடர்ந்திருந்தது. அது குனிந்து மடியைத் தேட, கோல்ட் சப்பர் அந்நியனை உதைப்பதுபோல் உதைத்தாள். மெர்வ் மறுபடி வந்து உதட்டைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு வயசுப் பல்லு. இனிமே நீ பொய் சொல்லணும்னு நெனச்சாக்கூட முடியாது, போ."

ஒன்று மட்டும் மாறவில்லை. பிறக்கும்போது குட்டியின் குளம்பு நுனியில் ரப்பர் போல மெத்தென்று ஒரு உறை இருக்கும். தாயின் வயிற்றைக் கீறாமல் இருப்பதற்காக. எழுந்து நடந்தால் ஒரே நாளில் தேய்ந்து போகும். அந்த உறை நான்கு குளம்பிலும் தேயாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மெர்வ் கத்தியால் சீவி எறிந்தார். சிட்னியில் குதிரைகளின் பிறப்பைப் பதிவு செய்கிறவர்களுக்கு க்ளாரி நடந்ததை அப்படியே எழுதினான். ஜூலையில் பிறந்தது ஆகஸ்டில் ஒரு வயதாவது முறைதானே, இதில் என்ன சந்தேகம் என்று பதில் வந்தது.

க்ளாரியின் மனைவி தெல்மா என் அக்கா. அந்த ஜூலையில் அவளுக்கு நுரையீரலில் கட்டி என்று தெரிந்திருந்தது. நவம்பரில் மெல்போர்ன் கப் பந்தயம் நடக்கும்போது இருக்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் எல்லாக் கெடுவையும் அந்தப் பந்தயத்தை வைத்துத்தான் சொல்வார்கள். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி காலை அவள் இருமாமல் எழுந்து, ஆட்டு ஈரல் வறுத்துத் தின்றுவிட்டு, கொல்லைக்குப் போனாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கோல்ட் சப்பர் குட்டியைக் கூப்பிடும் குரலில் அவளைக் கூப்பிட்டாள். அன்று முதல் அந்தக் குதிரை அவளை விட்டு நகரவில்லை. துணி உலர்த்தப் போனால் கூடவே போய் அவள் கழுத்தை நக்கும். அவள் சமையலறைக்குள் போய்விட்டால் சன்னலில் தலையை விட்டுக்கொண்டு நிற்கும். நவம்பர் வந்தது. தெல்மா வானொலியில் கப் பந்தயத்தைக் கேட்டாள், சின்னதாகப் பணம் கட்டித் தோற்றாள். நகமும் முடியும் மட்டும் அவளுக்கு வளரவில்லை. பிப்ரவரியில், குட்டிகளைப் பால் மறக்கடிக்கும் வாரத்தில், குதிரை அவளை விட்டு விலகி மேயப் போயிற்று. தெல்மா மூன்று நாள் காரணம் தெரியாமல் அழுதாள். அப்போதுதான் க்ளாரி புரிந்துகொண்டான். குட்டி வாழாமல் தாண்டிய வருடம் வீணாகவில்லை, அவளிடம் வந்திருக்கிறது. அது அடுத்த ஜூலையோடு முடிந்துவிடும்.

அந்த வருடம் இல்லாத குறை குட்டியிடம் நன்றாகவே தெரிந்தது. ஷார்ட் மெஷருக்கு விளையாடத் தெரியவில்லை. மற்றக் குட்டிகள் துரத்தினால் நின்று உதை வாங்கும். காற்றடித்தால் எந்தப் பக்கம் திரும்பி நிற்பதென்று தெரியாது. எல்லாம் தாயின் பின்னால் ஓடிக் கற்க வேண்டியவை. தெல்மா காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு மேய்ச்சல் வெளியில் இறங்கினாள். நாற்பத்தொரு வயதுப் பெண் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தினமும் காலையில் குதிரைக்கு முன்னால் ஓடினாள். பத்தடிக்கு ஒரு தரம் இடது தோளுக்கு மேலே திரும்பி, வருகிறதா என்று பார்ப்பாள். அதுவும் பத்தடிக்கு ஒரு தரம் இடது பக்கம் திரும்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டது. சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "தெல்மா, உனக்குச் சேணம் எந்த அளவுல வாங்கலாம்?" என்று கேட்பார்கள். "உன் பொண்டாட்டியோடத எடுத்து வா, அவளுக்கும் எனக்கும் ஒரே இடுப்புதான்," என்பாள்.

"பனியில வெறுங்காலோட ஓடாத," என்பான் க்ளாரி. "நெஞ்சுல சளி கட்டும்."

"எனக்கா? இந்த வருஷம் எனக்கு ஒண்ணும் ஒட்டாது. இது என்னோட வருஷமே இல்ல, க்ளாரி. இவனோடது. கொஞ்சமாவது திருப்பிக் குடுக்க வேணாமா?"

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. முந்தின ஆகஸ்டில், எதுவும் விளங்குவதற்கு முன்பே, ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில் தவறவிட்ட கோபத்தில் க்ளாரி கோல்ட் சப்பரை மறுபடியும் மாதக் கடைசியிலேயே கொண்டுபோயிருந்தான். இம்முறை இரண்டு நாள் தள்ளி. வயிற்றிலிருந்த குட்டியும் ஜூலைக்குள் பிறந்துவிட்டால் இன்னொரு வருடம் கிடைக்கும். ஜூலை முழுக்க ஊரே அந்த வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாள் தள்ளிப் போகட்டும் என்று வேண்டியே பழகியவர்கள் இப்போது சீக்கிரம் ஆகட்டும் என்று வேண்டினார்கள். அதற்கு வார்த்தை கூட அவர்களுக்குச் சரியாக வரவில்லை. முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். மாதர் சங்கத்தார் தேநீரும் ஸ்கோன் ரொட்டியும் கொண்டுவந்தார்கள். கோல்ட் சப்பர் வைக்கோல் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏதாவது ஊசி போடுடா," என்றான் க்ளாரி.

"போட்டா செத்த குட்டிதான் வரும்," என்றார் மெர்வ். "செத்த குட்டிக்கிட்ட ஏதுடா வருஷம்?"

"அப்ப நடக்க வையி. ஓட வையி."

தெல்மா கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து குதிரையின் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "அவளைத் தொந்தரவு பண்ணாதீங்க," என்றாள். "மூத்தவன் ஒருத்தன் படுறது போதாதா? இன்னொரு புள்ளையோட வருஷத்தையும் நான் தின்னணுமா?"

"தின்னுடி," என்றான் க்ளாரி. எல்லார் முன்னாலும் சொன்னான். "நான் கேக்கறேன். தின்னு."

வெயில் சாய்ந்ததும் ஸ்கோன் தட்டுகளை எடுத்துக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலை, இருமல் ஒரு வருடத்துக்கு முன் விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. நான்காம் தேதி கோல்ட் சப்பர் ஒரு செந்நிறக் குட்டியைப் போட்டாள்: நீண்ட கால்கள், அகன்ற மார்பு, அந்த வருடம் அந்த வட்டாரத்தில் பிறந்த முதல் குட்டி. க்ளாரி வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்டது அதுதான். அதன் முகத்தைப் பார்க்க முடியாமல், பால் மறந்த வாரமே சிட்னிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டான். அவர் அதற்கு, சரியான நேரத்தில் வந்தவன் என்ற பொருளில், வெல் டைம்ட் என்று பெயர் வைத்தார். அது பெரிய திடல்களில் ஒன்பது பந்தயம் ஜெயித்தது. தெல்மா அக்டோபர் கடைசியில் போய்விட்டாள். டாக்டர் வைத்த கெடு, ஒரு வருடம் தள்ளி, சரியாகத்தான் இருந்தது.

ஷார்ட் மெஷர் இரண்டு வயதில் ஓடத் தொடங்கி எட்டு வயது வரை ஓடியது. நாற்பத்து மூன்று பந்தயம், ஒரு வெற்றி, பதினேழு இரண்டாமிடம். ஹே, நரண்டேரா, டெனிலிக்வின், வாகா என்று புழுதி பறக்கும் திடல் ஒன்றையும் அது விட்டுவைக்கவில்லை. மோசமான குதிரை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆறு பர்லாங்கில் ஐந்தரை பர்லாங் வரை முன்னால் இருக்கும். ஆனால் பத்தடிக்கு ஒரு தரம் இடது தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்க்கும். கடைசியில் அப்படித் திரும்பும் நேரத்தில் ஏதாவது ஒரு மூக்கு அதைத் தாண்டிப் போய்விடும். பின்னால் வருவது யார் என்று பார்த்ததும், தான் தேடியது அதுவல்ல என்று முகம் தொங்கிப் போகும். கூட்டம் முதலில் திட்டியது. பிறகு சிரித்தது. பிறகு அதுவும் பழகிவிட்டது.

"கண்பட்டி கட்டுங்க பாஸ்," என்பான் ஜாக்கி ரே க்வில்டி, ஒவ்வொரு தடவையும். "பக்கவாட்டுல தெரியாம மறைச்சிட்டா நேரா ஓடுவான். கண்பட்டி போட்டா இந்த நாய் என் பாட்டி ஏறினாலும் ஜெயிக்கும்."

"பாக்கட்டும் விடு."

"அப்படி யாரைத்தான் பாக்குறான்?"

"உன்னை இல்ல. நீ உன் சோலியப் பாரு."

க்வில்டிக்கு வெற்றிப் பங்கு வேண்டும், அவனுக்கு நான்கு பிள்ளைகள். ஆனாலும் வேறு குதிரைக்குப் போகவில்லை. அந்த ஒரு வெற்றி ஹேயில் வந்தது. பந்தயத்தின் நடுவில் சிவப்புப் புழுதிப் புயல் இறங்கி, மேடையில் இருந்தவர்களுக்கு எதிரில் இருக்கும் தொப்பியே தெரியவில்லை. ஷார்ட் மெஷர் திரும்பிப் பார்த்திருக்கும். பின்னால் ஒன்றும் தெரிந்திருக்காது. பன்னிரண்டு குதிரை நீளம் முன்னால் தனியாக வெளியே வந்தது. கோட்டைத் தாண்டியும் நிற்காமல், திடலை இன்னும் இரண்டு தரம் சுற்றி, வேலியோரமெல்லாம் தேடியது. க்ளாரி கோப்பையை வாங்கப் போகவில்லை. க்வில்டிதான் வாங்கினான்.

அதன்பின் அது மேய்ச்சல் வெளியில் சும்மா நின்றது. கோல்ட் சப்பர் செத்தாள். க்ளாரி மறுபடி எந்தப் பெட்டையையும் வளர்க்கவில்லை. ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் அவன் வேலியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். எதற்கென்று கேட்டால், பனி விழுகிறதா பார்க்கிறேன் என்பான். காகிதப்படி பத்தொன்பது வயதில், ஒரு ஜூலை முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம், ஷார்ட் மெஷர் தன் இடது பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் படுத்துச் செத்தது. க்ளாரி உடலைத் தார்ப்பாயால் மூடி, நாலு முனையிலும் கல் வைத்துவிட்டு, காலையில் குழி வெட்ட டிராக்டர் கொண்டுவரும்படி மெர்வுக்குத் தொலைபேசியில் சொன்னான்.

காலையில் கல் வைத்தது வைத்தபடி இருந்தது. தார்ப்பாய் மட்டும் தாழ்ந்திருந்தது. மெர்வ் விலக்கிப் பார்த்தார். பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குட்டி ஒன்று விறைத்துக் கிடந்தது. நெற்றியில் ஷார்ட் மெஷரின் அதே வெள்ளைச் சுழி. வாயோரம் பால் காய்ந்திருந்தது. மெர்வ் ஒரு காலைத் தூக்கிக் குளம்பைத் தடவினார். உறை தேய்ந்து போயிருந்தது.

"நல்லா ஓடியிருக்குடா," என்றார்.

வெளி முழுக்க வெண்பனி. அதில் உள்ளங்கை அளவுக் குளம்புத் தடங்கள் எதிர்ப்பக்க வேலி நெடுகச் சுற்றிச் சுற்றிப் போயிருந்தன. அவற்றுக்கு முன்னால் ஒரு பெண்ணின் வெறுங்கால் தடம். பத்தடிக்கு ஒரு தரம் அந்தக் கால் இடது பக்கம் திரும்பி ஊன்றியிருந்தது. மெர்வ் வந்த தடத்தைத் தவிர வேறு தடம் எதுவும் இல்லை. க்ளாரியின் நாற்காலி இருந்த பக்கம் ஒரு தரம்கூட அவை வரவில்லை.

மெர்வ் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தப் பனியில யாருடா செருப்பில்லாம நடந்தது? நெஞ்சுல சளி கட்டுமே."

க்ளாரி வேலிக்கு வெளியிலேயே நின்றான்.

"சொன்னா கேக்க மாட்டா," என்றான்.

மெர்வ் டிராக்டரின் எஞ்சினை அணைத்தார். சின்னக் குழிதான், மண்வெட்டியே போதுமாக இருந்தது.