குளிரும் சிறுநீரகமும்

1974 டிசம்பரில், எங்கள் லூப்ளின் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் போகுமில் பன்னிரண்டு எலிகளை வைத்திருந்தார். ஆறுக்கு வழக்கமான தீனி. மற்ற ஆறுக்குப் பாஸ்பேட் அறவே குறைந்த தீனி. ஜனவரிக் கடைசியில் வார்சாவில் அவர் உரையாற்ற வேண்டும். உரை தேறினால் பதவி உயர்வு. இல்லையென்றால் ஐம்பது வயதிலும் உதவியாளர்தான்.

எலிகளின் சிறுநீரைச் சோதிப்பது என் வேலை. மருந்து சேர்த்ததும் எவ்வளவு நீலம் ஏறுகிறதோ அவ்வளவு பாஸ்பேட். பாஸ்பேட் பட்டினி கிடக்கும் ஆறு எலிகளின் சோதனைக் குழாய்களில் நீலமே இருக்காது. காரணம் அழகானது. சிறுநீரகத்தில் இரத்தம் வடிகட்டப்படும்போது பாஸ்பேட்டும் கூடவே வடிந்துவிடும். சிறுநீரக நுண்குழாய்களின் சுவரில் நிற்கும் காவலாட்கள் அதைப் பிடித்து மறுபடி இரத்தத்துக்குள் இழுத்துப் போடுவார்கள். உணவில் பாஸ்பேட் குறைந்தால் காவலுக்கு ஆள் கூடும். உணவில் அது பெருகினால், தைராய்டை ஒட்டிய ஒரு குட்டிச் சுரப்பி ஹார்மோனை அனுப்பும். உடனே காவலாட்கள் சுவரை விட்டு உள்ளே போய்விடுவார்கள். மிச்சம் வெளியே ஓடும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கொதிகலன் நின்று கட்டிடமே உறைந்தது. விடுமுறை முடிந்து, அந்த நாட்களின் சிறுநீர்ப் புட்டிகளைச் சோதித்தேன். பட்டினி ஆறும் மைபோல் நீலம்.

"குளிர், புரோனியா, குளிர்!" என்று டாக்டர் என்னைப் பார்த்துக் குதித்தார். "குளிருக்குன்னே ஒரு புது ஹார்மோன் இருக்கு!"

"மத்த ஆறும்தானே குளிர்ல கெடந்துச்சு? அதுங்ககிட்ட ஒரு மாத்தமும் இல்லையே?"

"அதுங்க கொழுத்துக் கெடக்கு. நீ குழாயைக் கழுவு."

அன்றே உரையின் தலைப்பு வார்சாவுக்குப் போனது: 'குளிரும் சிறுநீரகமும்'.

ஜனவரி முழுக்க ஜன்னல்களைத் திறந்து போட்டு மூன்று முறை செய்து பார்த்தார். எலிகள் நடுங்கின, அவர் இருமினார், குழாய்கள் வெளுத்தே கிடந்தன. உரைக்கு ஒரு வாரம் இருக்கையில், எலிகளைப் பார்த்துக்கொள்ளும் ஸெனோபியா அம்மா ஜன்னலை இழுத்துச் சாத்தியதை டாக்டர் பார்த்துவிட்டார்.

"ஏம்மா மூடுறீங்க?"

"பாவம், நடுங்குதுங்க டாக்டர் ஐயா. கிறிஸ்துமஸ் அன்னிக்காவது வயிறு ரொம்பியிருந்துச்சு, தாங்கிச்சு."

டாக்டரின் இருமல் நின்றது. "எதால ரொம்பியிருந்துச்சு?"

"எங்க வீட்டு விருந்துதான். கெண்டை மீன், பாலாடைக்கட்டிக் கொழுக்கட்டை, கசகசா ரொட்டி. அன்னிக்கு வாயில்லா ஜீவனெல்லாம் பேசும்பாங்க. பட்டினி போட்டா நம்மளப் பத்தி என்ன பேசும்?"

"மத்த ஆறுக்கு?"

"அதுங்கதான் தினம் நல்லாத் திங்குதே! ஆளுக்கொரு துணுக்கு கிறிஸ்துமஸ் அப்பம், அவ்வளவுதான்."

"பதிவேட்டுல ஏன் எழுதல?"

"தீனியத்தானே எழுதச் சொன்னீங்க? விருந்தை யாராச்சும் எழுதுவாங்களா?"

பாலாடைக்கட்டி, மீன், கசகசா. பாஸ்பேட் மூட்டைகள். புதிய ஹார்மோன் எதுவும் இல்லை. பழைய ஹார்மோன் தன் கடமையைச் செய்திருந்தது.

டாக்டர் வார்சாவுக்குப் போன் செய்து தலைப்பை மாற்றச் சொன்னார். "நிகழ்ச்சி நிரல் அச்சாயிடுச்சு தோழர். தலைப்பு தலைப்புதான். நீங்க வேணும்னா பேச்சை மாத்திக்குங்க" என்றது மறுமுனைக் குரல்.

மாற்றிக்கொண்டார். குளிரால் ஒன்றும் ஆகவில்லை என்றார். மூன்று முறை செய்த கணக்கைக் காட்டினார். கொழுக்கட்டையையும் மறைக்கவில்லை. அரங்கம் சிரித்து ஓய்ந்ததும் பதவி உயர்வுக் குழுவின் தலைவர் எழுந்தார். சொந்தக் கருத்தைத் தானே மும்முறை சோதித்துப் பொய்யென்று நிறுவிய ஆய்வாளரை இதுவரை கண்டதில்லை என்று பாராட்டினார்.

பதவி உயர்வுக் கடிதம் பிப்ரவரியில் வந்தது. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், மருத்துவமனைக்கு. குளிரால் எந்தப் பாதிப்பும் இல்லை என்று நிரூபித்தவர், நிமோனியாவோடு போர்வைக்குள் கிடந்து கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டார்.