உட்காரவைத்துச் சொன்னது

ஹோட்டல் முன்வாசலிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுச் சலவைக்கூடத்துக்குள் நான் நுழைந்ததும், துணி அலசிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அவர்களில் மாணிக்கம் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். எனக்கு அதெல்லாம் புத்தியில் ஏறவில்லை. வெல்வெட் பதித்த நாற்காலி, எங்கேயும் உரசாமல் கொண்டுபோக வேண்டுமே என்ற கவலை ஒரு பக்கம். நோட்டில் எழுதியிருந்ததை வரிசை மாறாமல் மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனது மறு பக்கம்.

அறுபத்தெட்டாம் வருஷம் அது. ஒவ்வொரு பகுதிக்கும் ஆட்களை மேய்க்கிற மண்டோர் ஒருவரைப் பொறுக்கி, ஆள் நிர்வாகம் படிக்கவைத்தது ஹோட்டல். சலவைப் பகுதிக்கு நான். சிராங்கூன் ரோட்டு மாடியில் நடந்த இராத்திரி வகுப்பில் முப்பத்தாறு வயதில் எழுத்துப் படித்தவன் என்பதுதான் என் தகுதி. புதன்கிழமை மத்தியானம், விருந்தாளிகள் சாப்பிட்டுப் போன மண்டபத்தில் ஆறு வாரம் வகுப்பு. காத்தோங்கிலிருந்து வரும் சிவசுப்பிரமணியம் சார் நடத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீசில் ஆட்கள் விவகாரமெல்லாம் அவர் கையில். இங்கிலீஷில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் ஒருதரம் சொல்வார். அவர் சொன்னது ஒரு சொல் விடாமல் என் நோட்டில் இருக்கும். கை வலிக்க வலிக்க எழுதினேன். வேலைக்கு வலித்த கை, படிப்புக்கும் வலிக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஐந்தாவது வாரப் பாடம், ஆளை நிறுத்துவது. "முதலில ஆளைத் தனியாக் கூப்பிட்டு ஒரு நாற்காலியில இருத்துங்கோ. தேத்தண்ணி குடுங்கோ. வீட்டுச் சுகம் கேளுங்கோ. பிறகுதான் விசயத்தைச் சொல்லவேணும். அண்ணே, தம்பி எண்டு கூப்பிடாதேங்கோ, பேரைச் சொல்லுங்கோ" என்றார் சார். என்னை முதலாளியாகவும், ரூம் பாய்களுக்குத் தலைவரான அப்துல் ஹமீதை வேலை போகிறவராகவும் உட்காரவைத்து நடிக்கச் சொன்னார். ஹமீது மேசையில் விழுந்து அழுத அழுகையில் வகுப்பே சிரித்தது. எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெரட்டுறதுக்குத் தேத்தண்ணி வேறயா லா? சீனியாவது கூடப் போடச் சொல்லுங்க" என்றார். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் சார் ஒரு தாளை என் கையில் கொடுத்தார். துணியை உலர்த்தித் தேய்க்கும் மெஷின் வருகிறது, சலவையில் ஒரு ஆள் குறைகிறது, குடியுரிமை எடுக்காதவர் முதலில் போகவேண்டும் என்று முடிவாகிவிட்டது. பெயர் செல்லக்கண்ணு. படித்தபடி நானே சொல்லவேண்டும், அதுவே பரீட்சை என்றார். வேறு யாரையாவது சொல்லச் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். வேற்று ஆள் போய் இங்கிலீஷில் சொன்னால் அவருக்கு நல்லாயிருக்குமா என்று திருப்பிக் கேட்டார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

செல்லக்கண்ணு அண்ணன் பதினாலு வருஷமாக அங்கே நிற்கிறவர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று சலவைக் காரம் பட்டு வெடித்த என் விரல்களுக்கு எண்ணெய் தடவிவிட்டவர். மன்னார்குடிப் பக்கத்தில் அவர் மனைவி கண்மணியும் ஒரு மகளும். அடுத்த வருஷம் ஊருக்கே போய்விடலாம் என்று நினைத்து நினைத்து, குடியுரிமைக்கு எழுதிப்போடாமலே இருந்துவிட்டார். இனி வேலை போனால் வேலை பெர்மிட்டும் போகும். ஊருக்குக் கப்பல்தான்.

அன்றைக்குத் தூக்கிவந்த நாற்காலியைப் பக்கத்துத் துணி அறையில் போட்டு அவரை உட்காரச் சொன்னேன். ஓரத்தில் ஒட்டினாற்போல் உட்கார்ந்தார். பால் போட்ட தேநீரைக் கையில் கொடுத்தேன். பேரைச் சொல்ல வாய் வரவில்லை, அண்ணே என்றும் சொல்லக்கூடாது. எப்படியும் கூப்பிடாமலே, "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்றேன்.

வாய்க்குக் கொண்டுபோன டம்ளரைத் தரையில் வைத்தார்.

"யாரு? கண்மணியா, புள்ளையா?"

எனக்கு விளங்கவில்லை. நோட்டில் அடுத்த வரி என்னவென்று தேடிக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். "சுத்தி வளைக்காத மருதப்பா. தந்தி எங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்து மணி நேரமும் நின்றே வேலை செய்கிற இடம் அது. பழைய மண்டோர் காலத்திலிருந்து ஒருவனை அங்கே உட்காரச் சொல்வது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். ஊரிலிருந்து தந்தி வந்தால் ஸ்டூல் போடுவார்கள், குடிக்க ஏதாவது கொடுப்பார்கள், வீட்டில் யார் யார் என்று கேட்பார்கள். என் அம்மா போன செய்தியும் எனக்கு அப்படித்தான் வந்தது. அதை எப்படி மறந்தேன்? பாடத்தை மனப்பாடம் செய்ததில் அதற்கு இடமில்லாமல் போயிருக்கிறது.

"தந்தி இல்லண்ணே. யாருக்கும் ஒண்ணும் இல்ல. வேலைதான். இந்த மாசக் கடைசியோட நிறுத்துறாங்க."

"வேலையா?"

"ஆமாண்ணே."

"சத்தியமா புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

"முருகன் சத்தியமா."

என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சிரித்தார். "அட பாவி, உசுரே போயிருச்சு. வேலைதானா" என்று டம்ளரை எடுத்துத் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். "நல்லாயிருப்பப்பா நீ" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஒன்றுமில்லை, வேலைதான் போகிறது என்று எல்லோரிடமும் அவர் உற்சாகமாகச் சொல்வது கேட்டது. மறுபடி துணி அலசும் சத்தம் தொடங்கியது.

சார் கொடுத்த தாளில் கடைசிக் கேள்வி, பணியாளர் செய்தியை எவ்வாறு ஏற்றுக்கொண்டார் என்பது. பதிலுக்கு இரண்டு விரல் நீள இடம். 'நன்றி சொன்னார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் ஒன்றும் இல்லை.

நான் வெளியே வந்தபோது அவர் விரிப்புக் குவியலின் பக்கத்தில் நின்றிருந்தார். இந்தக் கோடியைப் பிடி என்றார். பெரிய கட்டில் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து முனைகளைச் சேர்த்து அவர் கையில் கொடுப்பேன். ஒன்று மடித்தோம். இரண்டு மடித்தோம். மூன்றாவதை உதறி இழுத்துப் பிடித்தபோது அவர் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"மருதப்பா, இந்த மாசம் முப்பதா, முப்பத்தொண்ணா?"

"முப்பதுண்ணே."

தலையை ஆட்டினார். நடந்து வரவில்லை. நானும் போகவில்லை. மேலே சுற்றிய மின்விசிறியின் காற்றில் எங்கள் இருவருக்கும் நடுவே அந்த வெள்ளைத் துணி வயிறு புடைத்து எழுந்தது, தணிந்தது, மறுபடி எழுந்தது.